ஒட்டி நடந்தால் ஒன்று

கம்பளை பஸ் பேராதனை நெரிசலில் மாட்டிக்கொண்டது. டிரைவர் எஞ்சினையே நிறுத்திவிட்டார். எனக்கு முன் சீட்டில் வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும். அவர் விளக்குக் கம்பத்தில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைக் காட்டினார்.

"நம்ம மருமகன் கம்பத்துல பூட்டினது அதுதான். ரேடாரு. ரோட்டுல போற வாகனம், ஆளு எல்லாத்தயும் எண்ணும்."

"கெமராவா?"

"இல்ல, அதுக்கு மூஞ்சி தெரியாது. அலைய அனுப்பி, பட்டுத் திரும்பி வர்றத வச்சு எண்ணுது. மழை பனியிலயும் எண்ணும். ஆனா ரெண்டு பேரு ஒட்டி நடந்தா ஒரு ஆளுன்னு எண்ணிருமாம். அதுதான் அவருக்குத் தலவலி."

அந்த அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மள சரியா எண்ணிரும். நீங்க முன்னுக்கு வெரசா போயிருவீங்க. நான் பையத் தூக்கிக்கிட்டு பின்னால வருவேன்."



பஸ் நகராததால் இருவரும் இறங்கி நடந்தார்கள். அந்த அம்மா சொன்ன மாதிரியே அவர் முன்னால் போனார். ஆனால் கம்பத்துக்குக் கிட்ட நின்று, அந்த அம்மா வரும்வரை காத்திருந்து, பையை வாங்கிக்கொண்டார். பிறகு இருவரும் தோள் உரச நடந்தார்கள்.

ஜன்னலுக்குக் கீழே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"இந்தப் பெட்டிய நம்ம கல்யாணத்தன்னைக்கே பூட்டியிருக்கலாம்."