படுக்கவைத்த துண்டு

— கையெழுத்து போடாதீங்க டாக்டர். இந்த ஸ்லைடையும் ஒரு தடவை பாத்துடுங்க.

— அக்கா, காலையிலேர்ந்து மைக்ரோஸ்கோப்புல நாப்பது பாத்தாச்சு. கண்ணு பூத்துப்போச்சு. இந்த வயித்துக் கேஸ்ல புத்துநோய் மேல் சவ்வோட நிக்குது. குழாய் விட்டு எடுத்ததே போதும், ஆபரேஷன் வேண்டாம்னு எழுதப்போறேன். நல்ல சேதியை ஏன் மறிக்கிறீங்க?

— எட்டுத் துண்டுல அஞ்சாவது?

— அதுல மட்டும் ஆழம் சரியாத் தெரியல. மத்த ஏழும் ஒழுங்காத்தானே இருக்கு.

— தெரியாது டாக்டர். மெழுகுல பதிக்கிறப்ப அந்தத் துண்டை நிமித்தி வெக்காம படுக்கவெச்சுட்டேன். மேல் சவ்வு மட்டும்தான் வெட்டுல வந்திருக்கு.

— நீங்களா? புதுசா வர்றவங்களை அதுக்காகவே வறுத்தெடுக்குற ஆளாச்சே! ஒரு வாரம் லீவு போட்டு வந்தும் முகம் தெளியலையே உங்களுக்கு.

— கை அப்படிப் பண்ணிடுச்சு. அதான், மெழுகை உருக்கி, நிமித்தி வெச்சு, திரும்ப வெட்டிக் கொண்டாந்திருக்கேன்.

— விட மாட்டீங்க. சரி, குடுங்க.

— என்ன டாக்டர் தெரியுது?

— இருங்க, அளக்குறேன்... அடக் கடவுளே. சவ்வைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள்ள இறங்கியிருக்கு. ஒரு மில்லிமீட்டர்.

— ஒண்ணுதானே?

— அரை தாண்டினாலே கதை வேறக்கா. மேலயே நின்னா, நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குத்தான் நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும். இவ்வளவு இறங்கினா பதினஞ்சு, இருபது பேருக்கு. வயித்துல பெரும்பகுதியை வெட்டி எடுக்கணும்.

— எடுத்துட்டா?

— பெரும்பாலும் பொழைச்சுக்கலாம். சும்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தா அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்த் தொலைப்பேன்? நல்லவேளை, வாயைத் திறந்தீங்க.

— திறக்க ரெண்டு நாளாச்சு.

— ஏன், திட்டுவேன்னா?

— நீங்க எங்க திட்டுவீங்க. தெரியாமலே போயிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு. சோர்ந்துபோச்சு டாக்டர்.

— எனக்கும்தான். நமக்கு வர்றது வெறும் நம்பர், ஆள் யாருன்னுகூடத் தெரியாது. ஆபரேஷன் வேண்டாம்ங்கிற ஒரு வார்த்தைக்காக எங்கயோ உக்காந்து காத்துட்டிருக்கும் அந்த ஜீவன். அதுகிட்டப் போய் இதை யாரு சொல்றது?

— அதுகிட்டத்தான் இப்பச் சொல்லிட்டீங்களே, டாக்டர்.