சில்லிட்ட குழாய்

சுப்பம்மா: என் கடை வஞ்சிர மீன அப்பறம் மொறைக்கலாம் அனீபா. மூஞ்சிய இப்டி திருப்பு.

ஹனீஃபா: இல்ல அண்ணி... நொச்சிக்குப்பம் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்டியே...

சுப்பம்மா: அப்டியே தாண்டிப் போலாம்னு பாத்த. உன் அண்ணன், என் வூட்டுக்காரு, செத்து நாப்பது நாளாச்சு. எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து ஒரு போன் கெடையாது. பத்து வருசம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்னீங்க.

ஹனீஃபா: நாகப்பட்டினத்துல கம்பெனில லீவு குடுக்கல...

சுப்பம்மா: சரி, குந்து. அண்ணன் பீடி பத்த வெச்சாரு, அதான் கேஸ் கிணத்தாண்ட தீப்புடிச்சிதுன்னு கம்பெனி காயிதத்துல கீது. நீ பக்கத்துல தான இருந்த. பாத்தியா?

ஹனீஃபா: பொக மூட்டத்துல ஒண்ணும் தெரியல அண்ணி.

சுப்பம்மா: பொக அப்பறம் தான வந்துச்சி. முன்னாடி?

ஹனீஃபா: வுடுங்க அண்ணி...

சுப்பம்மா: நாளைக்கி தி.நகர் ஆபீசுல உன்ன விசாரிக்கறாங்களாமே. அங்க சொல்றத இங்க சொல்லு. அன்னிக்கி இன்னா வேலை?

ஹனீஃபா: கிணத்துக்குள்ள தண்ணி சேந்துகிச்சு. அந்த கனத்துல கேஸால மேல ஏற முடியாது. ரெண்டு நாளு மூடி வெச்சா அடியில வேகம் சேரும். அப்பறம் தொறந்தா தண்ணிய தூக்கிகினு வந்து பள்ளத்துல கொட்டும்.

சுப்பம்மா: அண்ணன்?

ஹனீஃபா: பள்ளத்து கரையில. தண்ணி ஒடச்சிகினு போவாம மண்ணு அணைச்சிகினு இருந்தாரு.

சுப்பம்மா: தண்ணி தீந்து கேஸ் வர்றது எப்டி தெரியும்?

ஹனீஃபா: குழாய் மேல கை வெப்போம். தண்ணி போனா வெதுவெதுன்னு இருக்கும். கேஸ் வந்தா ஐஸ் மாரி சில்லிடும். அந்த நிமிசமே மூடிடணும்.

சுப்பம்மா: அன்னிக்கி கை வெச்சது யாரு?

ஹனீஃபா: வஞ்சிரம் கிலோ என்னா வெல அண்ணி?

சுப்பம்மா: மீன பாக்காத. என்ன பாரு.

ஹனீஃபா: நான் தான். புது ஆபீசர் வந்திருந்தாரு, எல்லாருக்கும் கைக்கு தோல் உறை குடுத்தாரு. அவரு எதிர்ல நிக்கறப்ப கழட்ட பயம். சில்லிட்டது கைக்கு ஒறைக்கவே இல்ல அண்ணி. கேஸ் சீறுனதும் ஜெனரேட்டர் சத்தத்துல காதுல வுழல. கேஸ் ஜெனரேட்டர் வரிக்கும் போயி, அதுல பத்திகிச்சு... பீடி இல்ல. நாளைக்கி சொல்லிடறேன்.

சுப்பம்மா: சொல்லாத. ஆஸ்பத்திரில மூணு நாளு அவருக்கு நெனவு இருந்துச்சி. உறை விசயமும் சொன்னாரு. அனீபாவ உள்ள வெச்சா அவன் புள்ளைங்க தெருவுல நிக்கும், நான் பீடி புடிச்சேன்னு எழுதிக் குடுன்னாரு. அவரு கையி வெந்து கெடந்துச்சி. அவருக்கு பதிலா கையெழுத்து நான் தான் போட்டேன்... நீயா வந்து சொல்றியான்னு தான் இத்தன நாளு பாத்துகினு இருந்தேன்.