மக்டோரன் வீட்டுப் பிள்ளை

காலை நாலே முக்கால். லண்டனின் மிச்சம் என்ற புறநகரில், புல்வெளியை ஒட்டிப் போகும் தெரு. ஒரு பக்கம் வீடே கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடிக்க கிறிஸ்துராஜா தனியே நடந்துகொண்டிருந்தார்...

எங்களோடு வேலை செய்யும் பெனடிக்ற் இதைச் சொன்னபோது நாங்கள் ஆறு பேர், ஹவுன்ஸ்லோவில் சரக்கு ஏற்றும் கொட்டகையில், இருந்த ஒரே ஹீட்டரைச் சுற்றிக் குந்தியிருந்தோம். இரவு ஷிப்ட், தேநீர் நேரம். கிறிஸ்துராஜா, பெனடிக்ற்றின் அக்கா மாலினியின் புருஷன்.

"அத்தானுக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்பவே எழும்பிப் போ" என்றான்.

அத்தானின் குடும்பப் பெயர் மக்டோரன். யாழ்ப்பாணத்து ஆள், ஸ்கொட்லாந்துப் பெயர். அவருடைய பூட்டன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. பூட்டன் ஞானஸ்நானம் பெற்றபோது தோட்டத்துத் துரை மக்டோரன் ஞானத்தகப்பனாக நின்று, தன் பெயரையும் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். இரத்த உறவு இல்லை.

போன வருடம் அத்தானுக்குப் பரம்பரை தேடும் ஆசை வந்தது. மக்டோரன் குலத்தாருக்கு ஒரு சங்கம் இருப்பதைக் கணினியில் கண்டார்.

"இனி வேட்டி இல்லை, கட்டம் போட்ட பாவாடைதானோ?" என்று அக்கா சீண்டினாளாம்.

சங்கத்தின் படிவத்தில் பூட்டனுடைய தகப்பன் பெயரைக் கேட்டிருந்தது. அத்தான் துரையின் பெயரை எழுதினார். பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஞானத்தகப்பனும் தகப்பன்தானே... கடைசியில், பரம்பரையின் மூத்த ஆண்பிள்ளை யார் என்று ஒரு கேள்வி. மகன் பெயரை எழுதினார்: தர்சிகன், வயது பதினேழு. அவருக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளைதான்.

படிவம் போய் ஒன்பதாம் நாள் அந்தக் காலை. பின்னால் காலடிச் சத்தம். சரக்... சரக்... ஈரத் தோல் உராய்வதுபோல. நனைந்த கம்பளி மணம். செம்மறியாட்டு வாடை. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நடந்தார். சத்தமும் நடந்தது. ஒருவர் அல்ல... பத்து, இருபது பேர்.

தலையைக் குனிந்துகொண்டு செபம் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் குறைந்தது. நல்லது, போய்விட்டது என்று நினைத்தார். பிறகுதான் விளங்கியது. அது அவர் பின்னால் வரவில்லை. அவர் வந்த வழியே திரும்பி, அவர் வீட்டுப் பக்கம் போகிறது.

ஓடினார்.

வாசற்கதவு திறந்திருந்தது. தர்சிகன் படியில் நின்றான். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

"டேய், என்னடா செய்யிறாய்?"

"கூப்பிடுகினம் அப்பா. வீட்டுக்கு ஒரு ஆம்பிளை படைக்கு வரவேணுமாம்."

அன்றே அத்தான் சங்கத்துக்குப் போன் எடுத்து, நாங்கள் உங்கள் இரத்தம் இல்லை, பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். செயலாளர் அம்மா நல்ல மனுஷி. உடனே அழித்துவிட்டார். பங்குச் சுவாமியார் வந்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். டொக்டர், நித்திரையில் நடக்கிற வருத்தம் என்றார். கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள்.

"பிறகு?" என்று ஒருவன் கேட்டான்.

"பிறகென்ன... அத்தான் வேலையை விட்டிட்டார். அக்கான்ர சீலையைக் கிழிச்சு, பெடியன்ர கையைத் தன்ர கையோட கட்டிக்கொண்டு படுக்கிறார்."

"முடிச்சு அவிழுதோ?" நான்தான் கேட்டேன்.

"இல்லை. ஒரு நாளும் அவிழேல்லை. பூட்டும் பூட்டினபடி. பெடியனும் பக்கத்திலைதான் கிடப்பான்."

பெனடிக்ற் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடிய எழும்பிப் பார்த்தால், அவன்ர உடம்பிலை சதுப்பு நிலத்துக் கறுப்புச் சேறு. முதல் நாள் கால் விரல் மட்டும்தான். பிறகு முழங்கால்..."

யாரும் தேநீரைத் தொடவில்லை.

"நேற்று நெஞ்சு வரைக்கும்."