கழுவாத டம்ளர்

இல்லங்க, ஜன்னல் சீட்டு நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வெளிய பாக்கறதவிடப் பேசறதுதான் பிடிக்கும். வீட்ல பேச ஆளில்ல பாருங்க. ஆளே இல்லாம இல்ல, ரெண்டு பேர் இருக்காங்க. அப்பா இருக்கார், கீழ விழுந்து இடுப்பு உடைஞ்சதுலேருந்து கட்டிலோட சரி. பேச்சு குறைஞ்சுடுச்சு. இன்னொருத்தன் என் தம்பி. அவன் நல்லாப் பேசுவான், ஆனா போனப் பாத்துத்தான் பேசுவான்.

ஆமா, அதேதான். தன்னத்தானே படம் எடுத்துப் போடற வேலை. நாடோடி வாழ்க்கைன்னு பேராம். ஒரு லேப்டாப்பு, ஒரு முதுகுப்பை, இன்னிக்கு ஒரு நாடு, நாளைக்கு ஒரு நாடு. சொந்தமா ஒரு தலகாணிகூட கிடையாதுன்னு பெருமையா சொல்லுவான். உண்மதான். வந்ததுலேருந்து என் தலகாணிலதான் படுக்கறான்.

போன வாரம் வந்தான். நாளைக்குக் கிளம்பறதா இருந்தான்.

வேர்களத் தேடி வந்திருக்கேன்னு வாசல்லயே நின்னு படம் புடிச்சான். நான் கதவத் தொறந்து, வாடா உள்ளன்னேன். நீ தொறந்தது சரியா விழலக்கா, இன்னொரு தடவ தொறன்னான். தொறந்தேன். திரும்பவும் தொறக்கச் சொன்னான். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு. நான் அலறிக்கிட்டு ஓடினது மட்டும் ரொம்ப இயல்பா விழுந்துச்சாம்.

நானா? அச்சகத்துக்கு மெய்ப்பு பாக்கறேங்க. அடுத்தவங்க எழுதின பொஸ்தகத்துல தப்பு திருத்தற வேலை. வீட்லயே உக்காந்து பண்ணலாம். அதனால அப்பாவ நான் பாத்துக்கறதுன்னு ஆயிடுச்சு. யாரும் சொல்லல, தானா ஆயிடுச்சு. தம்பியும் எங்கேருந்து வேணா வேலை பாக்கலாம்தான். அந்த எங்கேருந்து வேணாங்கறதுல எங்க வீடு மட்டும் சேராது போல.

எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டு. அம்மா ஆரம்பிச்சது, வேற எங்கயும் நான் பாத்ததில்ல. யாராவது ஊருக்குக் கிளம்பினா, அவங்க கடைசியா குடிச்ச டீ டம்ளரக் கழுவக்கூடாது. சமையல்மேடைல ஜன்னலோரமா அப்படியே நிக்கணும். போய்ச் சேந்துட்டேன்னு போன் வந்தாத்தான் கழுவணும். அம்மா இருந்த வரைக்கும் எல்லாரும் இறங்கின கையோட போன் பண்ணிடுவோம். இல்லன்னா அம்மா டம்ளரப் பாத்துக்கிட்டே சமையலக் கருக்கிடுவாங்க.

தம்பி போன் பண்ணமாட்டான். கிளம்பினா கிளம்பினதுதான். டம்ளர்ல எறும்பு வரும், எறும்பும் அலுத்துப்போய்க் கிளம்பிடும், அடில பச்சையா ஏதோ படரும். அப்பா தினம் சாயங்காலம் கட்டில்லேருந்து ஒரே கேள்வி கேப்பார், டம்ளர் கழுவியாச்சா. புள்ள போய்ச் சேந்தானான்னு வாய விட்டுக் கேக்கமாட்டார். எனக்குத் தாங்காது. ஒரு நாள் நானே கழுவிக் கவுத்துட்டு, கழுவியாச்சுப்பான்னு சொல்லிடுவேன். கண்ண மூடிக்குவார். நம்பினாரா என்னன்னு நான் கேட்டதில்ல.

இந்தத் தடவ தம்பிக்குத் திடீர்னு அந்த வழக்கம் ஞாபகம் வந்துடுச்சு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. வெயில் விழற இடமாப் பாத்து டம்ளர வச்சான். எங்க டம்ளர் பாக்க நல்லால்லன்னு கடைல போய்ப் பித்தளைல ஒண்ணு வாங்கிட்டு வந்தான். டீ நிறம் பத்தலன்னு மறுபடி போடச் சொன்னான். கழுவாத டம்ளர்தான் காத்திருக்கும் அன்புன்னு எழுதிப் போட்டான். உலகமே அழுதுச்சாம். அந்த வரிலயே தப்பு விட்டிருந்தான், நான்தான் திருத்திக் குடுத்தேன்.

அந்த நேரம் பாத்து அப்பாவுக்குத் துணி மாத்த வேண்டியிருந்துச்சு. ஒரு கை புடிடான்னு கூப்பிட்டேன். உணர்ச்சிவசப்பட்டிருக்கேன்க்கா, கொஞ்சம் இருன்னான்.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன்.

நானா? கூடப் படிச்சவ ஒருத்தி கடலோரமா வீடு கட்டிருக்கா. எத்தனையோ வருஷமாக் கூப்பிடறா, அங்கதான் போறேன். எவ்ளோ நாள்னு முடிவு பண்ணல. இருங்க, பிஸ்கட் தரேன், பைலதான் வச்சேன். இது இல்ல, இது பாஸ்போர்ட். என்னோடது இல்லங்க, எனக்கு எதுக்கு அது. படத்தப் பாருங்க, தம்பிதான். சிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, அதான் மூஞ்சி இப்படி.

இப்ப எழுந்திருப்பான். பயப்படாதீங்க, கஞ்சி எப்படிக் காய்ச்சணும், அப்பாவ எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும்னு எல்லாம் நேத்தே காட்டிட்டேன். அதையும் படம் எடுத்தான், அதனால மறக்க வழியில்ல. பகல்ல வர்ற நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன். மேடைல என் டம்ளர் நிக்குது. அங்க என் டம்ளர் நின்னு எவ்ளோ காலமாச்சு தெரியுமா. அப்பா விழுந்ததுக்கப்புறம் நான் எங்க கிளம்பினேன்.

திருட்டா? நான் எடுக்கலங்க. பத்திரமா இருக்கட்டும்னு அவனேதான் அப்பா தலகாணிக்கு அடில வச்சிருந்தான். காலைல போய்ட்டு வரேன்பான்னு குனிஞ்சேன். அப்பா தடவி எடுத்து என் கைல வச்சார். போய்ச் சேந்ததும் போன் பண்றேன்னேன்.

அவசரமில்லம்மா, டம்ளர் நல்லாக் காயட்டும்னார்.