சாய்நாத்துக்கு வயது நாற்பத்து மூன்று

ஸ்ரீரங்கன்: சாய்நாத் ஒரிசால கட்டாக்குலயே இருக்கட்டும்டா. மறுபடி ட்ரான்ஸ்பர் போட்டா அவன் அம்மா, பங்கஜம் மாமி குழம்பிடுவா.

ஆரோக்கியநாதன்: மூணு வருஷமா அங்கயே கீறான். பேங்க்ல அவ்ளோ நாள் உட மாட்டாங்க மச்சி.

ஸ்ரீரங்கன்: சரி, புவனேஸ்வர். மேனேஜர் ஆக்கிடலாமா?

ஆரோக்கியநாதன்: இன்னாத்துக்கு? கூடப் படிச்ச நம்ம ரெண்டு பேரும் ஒண்ணும் ஆவல, சாய்நாத் மட்டும் மேனேஜரா?

ஸ்ரீரங்கன்: பொறாமையைப் பாரு! நாமளே வாங்கிக் குடுத்த வேலை, நாமளே பண்ணி வெச்ச கல்யாணம்...

ஆரோக்கியநாதன்: சிரிக்காத. சித்ரகுளம் வந்துடுச்சு. மாமி வாசல்லயே நிக்கும்.

ஸ்ரீரங்கன்: மெதுவா நட. அவன் பொறந்த நாளுக்குப் பொறந்த நாள் வந்து புளுகிட்டுப் போறோம். இருபத்தேழு வருஷம் ஆச்சு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு, பம்பாய் ரயில் ஏறிட்டான்னு...

ஆரோக்கியநாதன்: அத ஆரம்பிச்சது நீ.

ஸ்ரீரங்கன்: பக்கத்துல நின்னு தலையாட்டினது யாரு?

ஆரோக்கியநாதன்: சரி, ரெண்டு பேரும்தான். நட.

ஸ்ரீரங்கன்: இன்னிக்கு வெறும் கதை சொல்லித் தப்பிக்க முடியாது. மாமி வீட்டை ஃபிளாட் கட்டக் குடுக்கறா. வாரிசுன்னு பிள்ளை கையெழுத்து வேணுமாம். அவன் அட்ரஸ் கேட்டு கார்டு போட்டிருக்காளே!

ஆரோக்கியநாதன்: அதான் சொல்றேன். உண்மைய சொல்லிடலாம்.

ஸ்ரீரங்கன்: மாமி தாங்க மாட்டாடா.

ஆரோக்கியநாதன்: எனக்கு மட்டும் தாங்குதா? கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்ப எவனாவது ஆப்சென்ட்டுன்னா... அடுத்த பேரக் கூப்பிட முடியலடா. வாத்தியார் வேலையே வேணாம்னு தோணுது.

பங்கஜம்: யாரு, ரங்காவா? ஆரோக்கியமும் வந்திருக்கானா? உள்ள வாங்கோடா. வாசல்ல நின்னுண்டு என்ன குசுகுசு?

ஸ்ரீரங்கன்: ஒண்ணுமில்ல மாமி... அந்தக் கையெழுத்து விஷயம்...

பங்கஜம்: ஃபிளாட் கட்டறவா கையெழுத்து வேண்டாம்னுட்டா. அது முடிஞ்சுடுத்து. ரங்கா, அந்த நாற்காலில உக்காராதே. ஈரம்.

ஸ்ரீரங்கன்: ஈரமா? மழையே பெய்யலையே மாமி.

பங்கஜம்: சாயி உக்காந்திருந்தான். காலம்பற.

ஆரோக்கியநாதன்: எந்த... சாயி?

பங்கஜம்: எனக்கு எத்தனை சாயி இருக்கான்? முன் மண்டை நன்னா வழுக்கை விழுந்துடுத்து. நீங்க அதைச் சொல்லவே இல்லையே.

ஸ்ரீரங்கன்: ஆரோக்கியம்... எழுந்திரு. கெளம்பலாம்.

ஆரோக்கியநாதன்: இல்லடா. இனிமே என்னால முடியாது. மாமி... அவன் ரயிலே ஏறல.

ஸ்ரீரங்கன்: டேய், வேண்டாம்!

ஆரோக்கியநாதன்: உடுறா. பரீட்சை முடிஞ்சு மூணு பேரும் சாந்தோம் கடல்ல எறங்கினோம் மாமி. அலை இழுத்துச்சு. நாங்க கரை ஏறிட்டோம், அவன் ஏறல. கைய நீட்டினான்... எங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டான்...

ஸ்ரீரங்கன்: போறும்டா...

ஆரோக்கியநாதன்: நாங்க ஓடியாந்துட்டோம் மாமி. யார்கிட்டயும் சொல்லல. பயம். அந்தப் பயத்துல சொன்னதுதான் பம்பாய் ரயிலு. எங்கள அடிங்க, போலீஸ்ல குடுங்க. ஆனா இப்படி... அவன் வந்தான்னு மட்டும் சொல்லாதீங்க.

பங்கஜம்: உஸ்... மெதுவாப் பேசு. உள்ளதான் இருக்கான், காதுல விழப்போறது. நாலாம் நாள் கோவளத்துல கரை ஒதுங்கின உடம்பை, யாருக்கும் சொல்லாம போய் அடையாளம் காட்டினதே நான்தானேடா. அப்போ குடுத்த டெத் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து வேண்டாம்னா. அது பதினாறு வயசுப் பையன், போயிட்டான். இவன் நீங்க வருஷா வருஷம் வந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவன். இவனையும் முழுக விட்டுட்டு ஓடிப் போயிடாதீங்கோ. உக்காருங்கோ... ம், சொல்லு, சாயி பொண்ணு பத்தாவதுல எத்தனை மார்க்கு?