ராயப்பனுக்குப் பெண் பிறந்த செய்தி

கோப்பியில் சீனி போதுமா என்று சொல்லுங்கள், சாமி. உங்களுக்கு முன்பு இருந்த பெரிய சாமியாருக்கு நிறையப் போட வேண்டும். ஆனால் கலக்கக் கூடாது. அடியில் கிடக்கிற சீனியைக் கடைசியில் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார். பிரான்சுக்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா என்று கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கேட்டதில்லை. உள்ளே முனகல் சத்தம் கேட்டால் பொருட்படுத்தாதீர்கள். என் தம்பி ராயப்பன்தான். குளிர்காய்ச்சல். இந்த மாதத்தில் காய்ச்சல் இல்லாத தோட்டத்து லயம் அலோர் காஜா சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து வீடு மந்திரிக்க வருகிற சாமியார்கள் முதலில் என் வீட்டில் நுழைவதுதான் வழக்கம். கோயிலுக்கு அடுத்த வீடு என்பது ஒரு காரணம். பீடத்துத் துணி துவைப்பது, பூ வைப்பது, சனிக்கிழமை பெண்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, பாட்டுக்கு முதல் குரல் எடுப்பது எல்லாம் நான்தான் என்பது இன்னொரு காரணம். அருளாயி அக்கா இல்லாவிட்டால் கோயிலே இல்லை என்று சனங்கள் சொல்வார்கள். நானாக அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் சொல்லும்போது மறுப்பதும் இல்லை.

வாசல் ஏறும்போதே கேட்டீர்கள், ராயப்பனுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று. கோயில்பிள்ளை இஞ்ஞாசி உங்கள் காதில் எதையோ போட்டிருக்கிறான். அவன் வாய்க்கு வெற்றிலை போதாது, ஊர்க்கதையும் வேண்டும். பரவாயில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். மறைக்கிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரங்களில் நம் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் எல்லாரும் புதுப் பாவத்துக்குத் தயாராகிற சமயம் அது. வெள்ளிக்கிழமை செபமாலைக்கு வந்த கூட்டம் பாதியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆண்கள் பக்கத்தில் ஒரு காலைக் கோயிலிலும் ஒரு காலைக் கள்ளுக்கடைப் பக்கமும் வைத்து நிற்பார்கள். குடிலில் மட்டும் நடமாட்டம் இருக்கும். இஞ்ஞாசி ராஜா பொம்மைகள் மூன்றையும் வாசலடியிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வருவான். ஒரு ராஜாவுக்குக் கழுத்து உடைந்து, ரப்பர் பாலை வைத்து ஒட்டினான். காய்ந்தபோது தலை பெண்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. என்னடா இது என்றால், “கும்பிட வந்த மனுசன்தானேக்கா, பாத்துட்டுப் போவட்டுமே,” என்கிறான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிலுக்கு வைக்கோல் பரப்பியது குஞ்சம்மா. மாயாண்டியின் மகள். தாயில்லாத பெண். மாரியம்மன் கோயில் லயம். ராயப்பனைக் கட்டிக்கொள்வதற்காக வேதத்துக்கு வர ஒப்புக்கொண்டு, சனிக்கிழமைதோறும் என்னிடம் மந்திரம் படித்துக்கொண்டிருந்தாள். திருநாள் ஞாயிறு பெரிய சாமியார் மலாக்காவிலிருந்து வந்து ஞானஸ்நானம் கொடுப்பது, அதற்கடுத்த ஞாயிறுகளில் கலியாண ஓலை வாசிப்பது, தபசுகாலத்து விபூதித் திருநாளுக்கு முன்னால் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நல்ல பெண், சாமி. கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது.

ஒருநாள் இந்த அடுப்படிக்கு வந்து குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். “உப்பு ஒரு கல்லு கம்மிக்கா,” என்றாள். ராயப்பன் அவனாகவே எழுந்து உப்பை எடுத்துப் போட்டான். இருபது வருஷம் என் குழம்பைச் சாப்பிட்டவன். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கலியாணம் ஆயிட்டா நீங்க ஒக்காந்த எடத்துல இருங்கக்கா, எல்லாம் நான் பாத்துக்கறேன்,” என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள். ராயப்பனும் ஆசையாகத்தான் சொன்னான்: “ஆமாக்கா. தொரை கப்பல் பாஸு தர்றாராம்லா. ஊர்ல சித்தி வீட்ல போயி நிம்மதியா இருக்கலாம் நீ.”

அது ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிய வருஷம். வேலையில்லாத விதவைக்கு இங்கே ஒரு மூலை கிடைப்பது அண்ணன் தம்பி வீட்டில் அடுப்பு அவள் கையில் இருக்கிறவரைக்கும்தான். சித்தி செத்துப் பல வருஷம் ஆகிறது. அது ராயப்பனுக்கும் தெரியும், மறந்துவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது, சாமி. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் குஞ்சம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. குடிலுக்குப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாயாண்டி பால்வெட்டுக்குப் போகிறவன், வீட்டில் பார்க்க ஆளில்லை. நான்தான் தாங்கிப் பிடித்து இங்கே கூட்டிவந்து என் பாயில் படுக்க வைத்தேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். மல்லித் தண்ணீர் கொடுத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது; ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கூடுதலாக வந்தது. பிறகு ஒரு மத்தியானம் கண் செருகிப் போய், யாரைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் கிடந்தாள்.

ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைத்துக்கொண்டிருந்த ராயப்பனுக்கு ஆள் விட்டேன். கையெல்லாம் பால் வாடையோடு ஓடிவந்தான். சாமியார் மலாக்காவில். வண்டி போய் வருவதற்குள் என்ன ஆகுமோ. “ஞானஸ்நானம் இல்லாம போயிரப் போறாடா, ஊத்துடா தண்ணிய,” என்றேன். செம்பை அவன் கையில் கொடுத்தேன். “பேரு என்னக்கா வைக்கிறது?” என்று அழுதான். “அம்மா பேர வையி. சூசையம்மா,” என்றேன். வார்த்தைகளை நான் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டு அவள் நெற்றியில் ஊற்றினான். அழகாகத்தான் செய்தான். ஒரு சொட்டு பாயில் சிந்தவில்லை.

நீங்கள் அப்படிப் பார்ப்பது புரிகிறது. ஞானஸ்நானம் கொடுத்தவனும் பெற்றவளும் தகப்பன் மகள் முறை, அவர்களுக்குள் கலியாணம் கூடாது என்பது எனக்குத் தெரியுமா என்றுதானே? தெரியும். சனிக்கிழமை வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். பெரிய சாமியாரும் வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பிரசங்கத்தில் சொல்வார். ராயப்பனுக்குத் தெரியாமல் போனதற்கு நான் என்ன செய்ய? பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய்ச் சுருட்டுப் பிடிக்கிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன். ஒரே ஒரு பிரசங்கத்தை உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்றைக்கு அவனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். அசட்டைக்கு இப்படித்தான் கூலி கிடைக்கும்.

இந்த லயத்தில் பிறந்து சாகக் கிடந்த எத்தனையோ குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். அன்றைக்கு மட்டும் ஏன் ஊற்றவில்லை என்று கேட்பீர்கள். என் இரண்டு கையும் குஞ்சம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன, சாமி. யாராவது தாங்க வேண்டுமே.

நெற்றியில் ஈரம் காய்வதற்குள் அவளுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தேன். திருநாள் ஞாயிறன்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டாள். எல்லாம் ஞானஸ்நானத்தின் பலன் என்று சனங்கள் சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை.

பூசைக்கு முன்னால் பெரிய சாமியார் யார் ஊற்றியது என்று விசாரித்தார். ராயப்பன் பெருமையாக, “நாந்தான் சாமி,” என்றான். சாமியார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவனைத் தட்டிக்கொடுத்து, “பயப்படாதே, மேற்றிராணியாரிடம், அதுதான் பிஷப்பிடம், இந்த முறைக்கு விலக்கு கேட்டு வாங்கித் தருகிறேன், விபூதிக்கு முன்னாலேயே வந்துவிடும்,” என்றார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பிரான்சு தேசத்தில் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் கடையில் கல்கண்டு வாங்கி வைத்திருந்தேன். பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்ததும் தட்டோடு வாசலில் நின்றேன். “எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. நம்ம ராயப்பனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு,” என்றேன். ஒரே சிரிப்பு. “கொழந்த யாரு சாடைக்கா?” என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த காளியம்மா கேட்டாள். “பாட்டி சாடை. பேரும் பாட்டி பேருதான்,” என்றேன். இஞ்ஞாசி சிரித்துச் சிரித்து மணியடிக்க மறந்துவிட்டான். குஞ்சம்மாவும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். பாதியில் அவள் வாய் நின்றுவிட்டது. “சும்மா இரேன்க்கா,” என்றான் ராயப்பன். விளையாட்டுக்குத்தானே சொன்னேன்? கேலி செய்யாத கலியாணம் எங்காவது உண்டா?

அப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்து, “அப்பாருக்குச் சோறு கொண்டு போறியாம்மா?” என்றார்கள். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனைக் கண்டால் தோத்திரம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன், பாடத்தில் உள்ளதுதான். அதுகள் அவளையும் அவனையும் சேர்த்துக் காண்கிற இடத்திலெல்லாம், “ஞானத்தகப்பனுக்குத் தோத்திரம் சொல்லுக்கா!” என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின. மேற்றிராணியாரின் விலக்கு சொன்னபடி வந்துசேர்ந்தது. ஆனால் அதற்குள் மாயாண்டி இந்த வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. “ஒங்க சாமியாரு சரின்னு சொல்லலாம்லா. அப்பன் மொறை ஆனவனுக்கு, ஆத்தா பேர வச்சுக் கூப்புட்டவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். மொறைன்னா மொறைதான்,” என்றான். வேதத்துக்கு வராதவன், சாமி. ஆனால் முறை என்றால் என்ன என்று மேற்றிராணியாரைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

மகளை மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். கட்டிக்கொடுத்தானா இல்லையா என்று தெரியவில்லை. போகிற அன்றைக்கு அவள் ராயப்பன் எதிரில் வந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்படியே போய்விட்டாள். எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. நானும் மனுஷிதானே.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், ஆஸ்பத்திரி டிரெஸர் தனபாலன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். ஸ்டோருக்கு வந்தவர் பேச்சுவாக்கில் ராயப்பனிடம், “அந்தப் பொண்ணு ஏன் அவ்ளோ மோசமாச்சு? காய்ச்சல் கண்ட அன்னிக்கே ஒங்கக்கா கையில கொயினா குடுத்தேனே,” என்று சொல்லியிருக்கிறார்.

கொடுத்தார், உண்மைதான். இந்த முந்தானையில்தான் முடிந்து வைத்திருந்தேன். மல்லித் தண்ணீர் கொடுத்தபோதும், செபமாலை சொன்னபோதும், அவள் கண் செருகியபோதும் மாத்திரை அந்த முடிச்சில்தான் இருந்தது. முதல்நாளே கொடுத்திருந்தால் மறுநாளே எழுந்து உட்கார்ந்திருப்பாள்; ஆபத்து இல்லாதவளுக்கு வீட்டில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? செத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்கிறீர்களா? நேரே மோட்சம், சாமி. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ராயப்பன் அன்றைக்கு வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், கை கழுவினான். அதோடு சரி. அதற்கப்புறம் மூன்று கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நான் ஆக்கிப் போடுவதைச் சாப்பிடுகிறான். உப்பு கூட, குறைய என்றுகூடச் சொல்வதில்லை. என்னை ஒருதரம்கூட அக்கா என்று கூப்பிடவில்லை. கூச்ச சுபாவம். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

இப்போது இந்தக் காய்ச்சல். தனபாலன் வந்து பார்த்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதோ, இந்த முடிச்சில்தான் இருக்கிறது. உங்களிடம் ஒளிப்பானேன்? அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டான் என்றால் அடுத்த நிமிஷமே அவன் வாயில் போட்டுவிடுவேன். உடன்பிறந்தவளிடம் கேட்பதில் என்ன வெட்கம்? நேற்று மத்தியானம் உதடு அசைந்தது. ஓடிப்போய்க் குனிந்து காதைக் கொடுத்தேன். “சூசையம்மா,” என்றான். அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறான், பாவம். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லைதான். காய்ச்சல் வேகத்தில் மரியாதை எங்கே நினைவிருக்கும்?

ஏன் எழுந்துவிட்டீர்கள், சாமி? கோப்பி அப்படியே இருக்கிறதே. உட்காருங்கள். அவன் இன்னும் கூப்பிடவில்லை.