ஓசி பிளேன் டிக்கெட்டு

...அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம் தம்பி. வருசா வருசம். இன்னாத்துக்குன்னு கேளுங்க. இந்தக் கிரெடிட் கார்டைப் பாக்கெட்டுல வெச்சிக்கினு சுத்துறதுக்கு. ஒரு மாடு கட்டி வெச்சாக்கூட சாணியாவது போடும். இது அதுவும் போடாது.

பையை ஏன் அப்பிடி இறுக்கிப் புடிக்கிறீங்க? நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். முகையூர்ல துரைக்கண்ணுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. ஆறு ஏக்கரா கீது, மல்லாட்டை போடுறேன், எண்ணெய்க்கு ஆட்டுற கடலை. நீங்க எந்தூரு? கண்டமங்கலமா. பொண்ணுக்குக் கல்யாணமா? அதான பார்த்தேன், பிரிஜ்ஜு, வாஷிங் மிசினு, கிரைண்டரு. நாப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. பில்லை எட்டிப் பார்த்துட்டேன், தப்பா நினைச்சிக்காதீங்க.

நான் கேக்குறது சின்ன உதவி. நீங்க ரொக்கமாத்தான குடுக்கப் போறீங்க? அத எங்கையில குடுங்க, நான் இந்தக் கார்டைத் தேய்ச்சிடுறேன். கடைக்காரருக்குக் காசு வந்துடும், உங்களுக்குச் சாமான் வந்துடும், எனக்கு... இருங்க, சொல்றேன். எப்பிடியும் இந்தக் கியூ நகரப் போறதில்ல. பில்லு போடுற பொண்ணு துர்கா ஒத்த வெரல்லதான் தட்டும். ரெண்டு வருசமா பார்த்துக்கினு கீறேன்.

ரெண்டு வருசம் முன்ன, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டில மல்லாட்டை மூட்டையை எறக்கிட்டு ஒரு டீ குடிக்கலாம்னு வெளிய வர்றேன். டை கட்டிக்கினு ஒரு பையன். அந்த வெயில்ல டை. "ஐயா, பேங்குல டெபாசிட் வெச்சிருக்கீங்களா? இந்தக் கார்டை எடுத்துக்குங்க. தேய்க்கத் தேய்க்கப் பாயிண்டு சேரும், வருசத்துல அஞ்சு லட்சத்துக்குத் தேய்ச்சா பிளேன் டிக்கெட்டு ஓசி, ஃபீசும் கிடையாது"ன்றான். தேய்க்கலன்னா? "ஐயா மாதிரி ஆளுக்கு அதெல்லாம் ஒரு தொகையா"ன்னான். அந்த ஐயா மாதிரி ஆளுலதான் தம்பி நான் வுழுந்தேன்.

அப்புறம்தான தெரியுது. பெட்ரோல் போட்டா கணக்குல சேராது. நகை வாங்கினா சேராது. கரண்டு பில்லு சேராது. களை எடுக்குற பொம்பளைங்க, டிராக்டர்காரன், இவங்க யாரும் கார்டு வாங்கமாட்டாங்க. விவசாயி செலவு பண்ற எடத்துல எல்லாம் பாயிண்டு கிடையாது. விவசாயி காலே வெக்காத ஓட்டல்ல தின்னா பாயிண்டு ரெண்டு மடங்கு.

உரக்கடையில மட்டும் தேய்க்கலாம். அதுக்கு அவரு நூத்துக்கு ரெண்டு ரூவா மேல கேக்குறாரு. சரின்னு ஊர்ல யாரு உரம் வாங்கப் போனாலும் நானும் கூடவே போயி, கார்டைத் தேய்ச்சிட்டு ரொக்கத்த வாங்கிக்கினேன். அந்த ரெண்டு ரூவாயா? நான்தான் கட்டினேன். பின்ன அவங்களா கட்டுவாங்க? இப்ப என்னைத் தெருவுல பார்த்தாலே, "இன்னா, யூரியா வாங்கணுமா"ன்னு சிரிக்கிறாங்க. எங்க வீட்ல மிக்சி மூணு. ரெண்டு இன்னும் அட்டைப்பொட்டியிலயே கீது.

இதுல லவுஞ்சுன்னு வேற ஒண்ணு. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல கார்டைக் காட்டினா சோறு ஓசின்னு கார்டோட குடுத்த புக்குல போட்டிருந்துச்சி. கட்டின ஃபீசுக்கு வயித்துக்காவது ஏதாவது போகட்டும்னு விழுப்புரத்துல ரயிலேறிப் போனேன். வாசல்ல துப்பாக்கி வெச்சிக்கினு ஒருத்தரு. டிக்கெட்டுன்றாரு. ரயில் டிக்கெட்டைக் காட்டினேன். இந்தியில என்னமோ சொன்னாரு. எனக்கு இந்தி தெரியாது, ஆனா புரிஞ்சிச்சி. வெளிய வந்து ரெண்டு இட்லி தின்னேன், எண்பது ரூவா. கார்டை நீட்டினா, ஜிபேதான்னுட்டான்.

மொத வருசம் நாலாயிரத்துல தவறிப்போச்சி. வெறும் நாலாயிரம். ஃபீசைப் புடிச்சிட்டாங்க. ரத்து பண்ணுங்கன்னு எழுதிக் குடுக்கத்தான் பேங்குக்குப் போனேன். அந்த மேடம், "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, இன்னும் ஒரே ஒரு வருசம் பாருங்களேன் சார்"னாங்க. என்னை யாருங்க சார்னு கூப்புடுறாங்க? வந்துட்டேன்.

ரெண்டாவது வருசம் இன்னியோட முடியுது. இன்னும் நாப்பத்தாறாயிரம் தேய்க்கணும். இல்லன்னா ஃபீசும் போச்சி, டிக்கெட்டும் போச்சி.

யாரு போறதுக்கா? நல்லா கேட்டீங்க. நான்தான்.

எம்பொண்ணு கலைப்பிரியா சிங்கப்பூர்ல கீது. பேத்திக்கு ஒண்ணரை வயசு. நான் இன்னும் கையில தூக்கல. பிரசவத்துக்கு முன்னாடியே எங்க வீட்ல, கிருஷ்ணவேணி, சொன்னா. "மல்லாட்டை வித்த காசு கீது, ரெண்டு பேருமே போயிட்டு வந்துடலாம்"னு. போக வர ஒருத்தருக்கு இருபத்திநாலாயிரம். நான்தான், "ஓசியில வரப்போறதுக்கு எவனாவது காசு குடுப்பானா, இரு"ன்னேன். ஒரு வாரம் பார்த்தா. பால் ஊத்தின காசுல அவளுக்கு மட்டும் டிக்கெட்டு போட்டுக்கினு போயிட்டா. மூணு மாசம் இருந்து கொழந்தையைக் குளிப்பாட்டி, பொண்ணுக்கு மருந்து அரைச்சிக் குடுத்துட்டு வந்தா. நான் இங்க உரக்கடையில தேய்ச்சிக்கினு இருந்தேன்.

போன வாரம் வீடியோவுல பேத்தி மொத மொத என்னைப் பார்த்துப் பேசுச்சி. யாரோ சொல்லிக் குடுத்துகீறாங்க. "பாயிண்டு தாத்தா"ன்னுச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் கொல்லைப் பக்கம் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். மனசு கேக்கல தம்பி.

அதனாலதான் சொல்றேன், அந்தக் காசை... இருங்க, போன் அடிக்குது. கிருஷ்ணவேணிதான்.

அலோ. விழுப்புரத்துல, கடையில கீறேன். சும்மாதான். இன்னா? டிக்கெட்டு போட்டுட்டியா? யாருக்கு? ரெண்டா... எனக்குமா?

இல்லடி, லைன்லதான் கீறேன். கேக்குது. பத்தாந்தேதியா. சரி. சரி சரி. ஒண்ணும் இல்ல, இங்க ஏசி ஜாஸ்தி, மூக்கு ஒழுவுது. கொழந்தைக்கு இன்னா வாங்கிக்கினு போறது, சொல்லு. கொலுசு வாங்கலாமா? அதுக்குக் கொலுசுன்னா புடிக்குமா?

இரு, ஒரு நிமிசம்... தம்பி? துர்கா, இங்க பை வெச்சிக்கினு நின்னாரே, கண்டமங்கலத்துக்காரரு, எங்க போனாரும்மா? காசைக் கட்டிட்டுப் போயிட்டாரா? எப்ப? நான் பேசிக்கினு இருக்கறப்பவா?

ஒண்ணும் இல்லடி, தெரிஞ்சவரு. நீ சொல்லு, டிக்கெட்டு எவ்ளோ ஆச்சி? நாப்பத்தெட்டாயிரமா, ரெண்டு பேருக்கும். எதுல கட்டினே? ரொக்கமாவா? ஏஜென்ட்டு கையிலயே எண்ணிக் குடுத்துட்டியா?

ஏண்டி... நாப்பத்தெட்டாயிரம்டி. அத என் கார்டுல தேய்ச்சிருந்தா இன்னிக்கே அஞ்சு லட்சம் தாண்டியிருக்குமே. ஓசி டிக்கெட்டு வந்திருக்குமே. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. அந்த ஏஜென்ட்டு எத்தினி மணி வரைக்கும் கடையில இருப்பாரு? அத கேன்சல் பண்ணச் சொல்லு, நான் ஜல்தியா பஸ்ஸைப் புடிச்சி வந்து கார்டுல... அலோ? கிருஷ்ணவேணி? அலோ?